கடைசி முறுக்கு தரையில்தான்
பழைய கார் புதுப்பிப்பு: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பின்பக்க ஸ்பிரிங் பற்றியவைதான் அதிகம். ஒரே மாதிரிக் கேட்டவற்றை ஒன்றாக்கிவிட்டோம். கார் என்ன மாடல் என்றே எழுதாமல் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். முறுக்கு அளவுக்கும் (நட்டை எவ்வளவு இறுக்குவது) உயர அளவுக்கும் உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மானுவல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

கே: பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங்) முதல்முறையாக நானே கழற்றப் போகிறேன். ஜாக்கியை எங்கே கொடுப்பது, ஸ்டாண்டை எங்கே வைப்பது?

ப: ஜாக்கியை எடுப்பதற்கு முன் டேப்பை எடுங்கள். சமதரையில் வண்டி நிற்கும்போது, பின் சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை எத்தனை மி.மீ. என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் மாட்டி முடித்த பிறகு இந்த இரண்டு எண்களும் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

அடுத்து, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். அவை அந்தரத்தில் தொங்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டும் பயனில்லை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்திக்கொண்டு, டிஃபரன்ஷியலுக்கு (பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாக உள்ள பல்சக்கரப் பெட்டி) அடியில் டிராலி ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். ஸ்டாண்டு இரண்டும் ஸ்பிரிங்கின் முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால், சேஸிஸ் பாக்ஸ் (அடிச்சட்டத்தின் பெட்டி வடிவப் பகுதி) கனமாக உள்ள இடத்தில் நிற்க வேண்டும். பழைய காரில் அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். சுத்தியல் முனையால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் ஸ்டாண்டை வைக்கலாம். ‘பொத்’ என்றால் ஸ்பிரிங் வேலையை நிறுத்திவிட்டு முதலில் வெல்டிங் வேலையைப் பாருங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் ஸ்டாண்டாக வைக்காதீர்கள். அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

பாடி ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் ஜாக்கி தாங்குவது ஆக்ஸிலின் எடையை மட்டும்தான். ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றிய மறுகணம் ஆக்ஸில் குழாய் தன் அச்சிலேயே உருளப் பார்க்கும். டிஃபரன்ஷியலின் மூக்கு (கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு சேரும் முன்முனை) கீழே சாயும். அதனால் மூக்குக்கு அடியில் தனியாக ஒரு மரக்கட்டை வேண்டும். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டால் ஆக்ஸில் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதற்குத் தடை ஏதும் இல்லை. பாடியிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் பிரேக் ஹோஸ் ஒன்றுதான் மிச்சம். அது விறைக்கும் அளவுக்கு ஜாக்கியை இறக்கவே கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளுக்கும் இதேதான்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு பக்கம் கழற்றி, மாட்டி, அப்புறம் மறுபக்கம் போங்கள். அப்போதுதான் ஆக்ஸில் தன் இடத்தை விட்டு நகராது.

கே: ஸ்பிரிங்கின் முன் கண் (பட்டை முனையில் சுருட்டிய வளையம்) போல்ட்டின் நட்டு கழன்றுவிட்டது. போல்ட் மட்டும் வெளியே வர மறுக்கிறது. காஸ் வைத்துக் காய்ச்சலாமா?

ப: வேண்டாம். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், அடிப்பாகத்தில் பூசிய தார் எல்லாம் இருக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் (உள் குழாயைச் சுற்றிய ரப்பர் உறை) ரப்பர் எரிந்தால் வரும் புகையும் நல்லதல்ல.

போல்ட்டின் தலையில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் திரும்பி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால், போல்ட்டும் புஷ்ஷின் உள் குழாயும் துருவால் ஒன்றாகிவிட்டன, நீங்கள் முறுக்குவது ரப்பரைத்தான் என்று அர்த்தம். துரு நீக்கும் ஆயிலை இரண்டு பக்கமும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் நட்டைப் போல்ட்டின் முனையோடு சமமாக வரும்வரை ஏற்றி (மரை நசுங்காமல் இருக்க) பித்தளை டிரிஃப்ட் (போல்ட்டைத் தட்டித் தள்ளும் கம்பி) வைத்து அடியுங்கள். அப்போதும் அசையாவிட்டால் வெட்டுவதுதான் வழி. ஸ்பிரிங் கண்ணுக்கும் பிராக்கெட் சுவருக்கும் நடுவே ரப்பர் விளிம்பு தெரியும் இடைவெளியில் ரம்பத் தகட்டை விட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் புதிதாகத்தான் போடப்போகிறீர்கள், அதனால் நஷ்டமில்லை.

சில கார்களில் நட்டு பாக்ஸ் பகுதிக்கு உள்ளே வெல்டு செய்யப்பட்டிருக்கும். அது பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால், உள்பக்கத்தில் ஸ்பேனர் நுழையும் அளவுக்குத் துளை வெட்டி, வேலை முடிந்ததும் தகடு வைத்து அடைக்க வேண்டும். புதுப் போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியில் காப்பர் கிரீஸை மெல்லப் பூசினால் அடுத்தமுறை இந்தப் பாடு இருக்காது. மரையில் பட்டுவிடாமல் பாருங்கள். கிரீஸ் பட்ட மரையில் டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) காட்டுவதைவிட அதிக இழுவை போல்ட்டில் ஏறிவிடும்.

கே: பழைய பட்டைகளையே பிரித்துச் சுத்தம் செய்து போடலாமா? வளைவு இறங்கிப்போனதைக் காய்ச்சி வளைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

ப: முதல் கேள்விக்கு, பரிசோதனையில் தேறினால் போடலாம். இரண்டாவதற்கு, கூடாது.

பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் இரு பக்கமும் கனமான ஜி கிளாம்ப் போட்டுப் பட்டைகளை ஒன்றாக இறுக்கிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த சென்டர் போல்ட் பாதியில் முறிந்தால் பட்டைகள் விரிந்து தெறிக்கும். பட்டைக் கட்டுக்கு நேர் மேலே முகத்தை வைத்துக் குனியாதீர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் வரிசை எண்ணையும், எந்த முனை முன்பக்கம் என்பதையும் குறித்துவிட்டு, கிளாம்ப்புகளை மாறி மாறித் தளர்த்துங்கள்.

வயர் பிரஷ் போட்ட பிறகு மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுத்த கோடாகத் தெரியும். சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும், அடுத்த பட்டையின் நுனி வந்து உராயும் இடத்திலும் கூர்ந்து பாருங்கள். அந்த உராய்வு இடத்தை விரலால் தடவினால் படிக்கட்டு மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்படும். நகம் சிக்கும் அளவு பள்ளமென்றால், அந்தப் பட்டை முறியப்போவது அங்கேதான். வெல்டிங் வைத்து ஒட்டிய பட்டை எதுவும் ஸ்பிரிங்கில் சேராது.

இப்போது காய்ச்சுவது. பட்டைக்கு அந்த விறைப்பைத் தருவது எஃகின் பதம். தொழிற்சாலையில் பட்டை முழுவதையும் செஞ்சூடாக்கி எண்ணெயில் குளிர்வித்து, அதன்பின் குறைந்த வெப்பத்தில் வைத்துப் பதம் பார்த்திருப்பார்கள். நடுவில் மட்டும் காஸ் வைத்துச் சிவக்கவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். சில மாதத்தில் பட்டை மறுபடி இறங்கும், இல்லாவிட்டால் சூடு பட்ட எல்லையில் முறியும். குளிர்ந்த நிலையிலேயே பிரஸ்ஸில் வைத்து வளைவேற்றலாம். வளைத்த பிறகு முழுப் பட்டைக்கும் முறையாகப் பதம் வைத்துத் தரும் ஸ்பிரிங் பட்டறை கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டும் அமையாவிட்டால் புதிது வாங்கிவிடுங்கள்.

திரும்பக் கட்டும்போது பட்டைகளுக்கு நடுவே கனமாகப் பெயின்ட் அடிக்காதீர்கள். பெயின்ட் தேயத் தேயக் கட்டு தளரும். மெல்லிய கிராஃபைட் பூச்சு போதும். நுனிகளில் பிளாஸ்டிக் பட்டன் வைக்கப் பள்ளம் இருந்தால் புதுப் பட்டன் போடுங்கள். சென்டர் போல்ட் புதிதாகவே இருக்கட்டும்.

கே: புது ஸ்பிரிங்கின் முன் கண்ணை மாட்டினால் பின் கண் ஷேக்கிளை (பின் கண்ணைப் பாடியோடு இணைக்கும் ஆடும் தகடு) எட்டவில்லை. தவறான ஸ்பிரிங்கைக் கொடுத்துவிட்டார்களா?

ப: இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்கு உடனே போக வேண்டாம். சுமை இல்லாத ஸ்பிரிங்குக்கு வளைவு அதிகம், அதனால் இரு கண்களுக்கும் இடையே தூரம் குறைவு. வண்டியின் எடை ஏறி வளைவு தட்டையாகும்போது தூரம் கூடும். அந்தக் கூடுதலுக்கு இடம் விடத்தான் ஷேக்கிளே இருக்கிறது. ஆகவே ஆக்ஸில் தொங்கும் நிலையில் ஷேக்கிளின் கீழ்முனை முன்பக்கமாகச் சாய்ந்து வந்து கண்ணைச் சந்திப்பது இயல்பு. துருவேறிய ஷேக்கிள் அப்படிச் சாயாமல் நட்டுக்குத்தலாக நின்றால் எட்டவே எட்டாது. மேல் புஷ்ஷைத் தளர்த்தி, அது கையால் தள்ளினாலே ஆடுகிறதா என்று பாருங்கள். முன் கண் போல்ட்டை இறுக்கிவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். இந்தக் கட்டத்தில் எல்லா நட்டும் விரலால் ஏற்றிய அளவில்தான் இருக்க வேண்டும்.

அப்படியும் எட்டவில்லையென்றால் பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் தரையில் அக்கம்பக்கமாகப் படுக்கவைத்து, சென்டர் போல்ட்டிலிருந்து இரு கண்களுக்கும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பல கார்களில் ஸ்பிரிங் சமபாதி கிடையாது; முன்பாதி குட்டை, பின்பாதி நீளம். முன்பாதி விறைப்பாக இருந்தால் வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்ஸில் தன் அச்சில் முறுக்கிக்கொள்வது குறையும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். முன்பின் மாற்றி மாட்டினால் ஆக்ஸில் பின்னே போய், சக்கரம் ஃபெண்டர் வளைவின் நடுவில் நிற்காது, புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர் பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் தண்டு) ஸ்லைடிங் ஜாயின்டும் வெளியே இழுபடும். கண்ணின் புஷ் அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் ஸ்பிரிங்கில் இந்தத் தவறு சுலபமாக நடந்துவிடும்.

துளையும் துளையும் நேராகிறதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள். கூம்பு முனை டிரிஃப்ட்டை விட்டு நேராக்கி, மறுபக்கத்திலிருந்து போல்ட்டால் அதைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் சறுக்கினால் போதும், விரல் போய்விடும்.

இரு கண்களும் மாட்டியானதும் (ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே உள்ள வண்டியாகக் கொள்வோம்) ஜாக்கியை மெல்ல இறக்கி ஆக்ஸிலை ஸ்பிரிங்கின் மேல் உட்காரவிடுங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையின் (ஆக்ஸிலில் ஸ்பிரிங் பொருந்தும் தட்டையான இடம்) துளைக்குள் விழ வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள். தலை துளையின் விளிம்பில் ஏறி நின்றால் ஸ்பிரிங்குக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு பக்கம் கத்தி நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரியும். அதைக் கவனிக்காமல் யூ போல்ட்டை இறுக்கினாலும் முறுக்கு ஏறத்தான் செய்யும், டார்க் ரெஞ்ச்சும் ‘கிளிக்’ என்று சொல்லும். முதல் பள்ளத்தில் தலை துளைக்குள் விழுந்து, நான்கு நட்டும் ஒரேயடியாகத் தளர்ந்துவிடும். கடப்பாரையால் ஆக்ஸிலை முன்னும் பின்னும் இம்மியளவு நெம்பி, ‘டொக்’ என்று உட்கார்ந்த பிறகுதான் யூ போல்ட் பக்கம் போக வேண்டும்.

கே: போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, முன் கண் ரப்பர் புஷ் கிழிந்துவிட்டது. வண்டியும் முதல் நாளிலிருந்தே பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மட்டமான ரப்பரா?

ப: ரப்பர்மேல் பழி போடுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். கண் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கியபோது வண்டி எங்கே இருந்தது? ஸ்டாண்டில், சக்கரம் தொங்க, என்பதுதான் பதிலாக இருக்கும். இதே தவறுதான் பாதிக் கடிதங்களில் வெவ்வேறு வேஷத்தில் வந்திருக்கிறது.

ரப்பர் புஷ் பேரிங் போலச் சுழல்வதில்லை. அதன் உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிராக்கெட்டோடு பூட்டிவிடும்; வெளிப்பக்கம் ஸ்பிரிங் கண்ணோடு ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடும்போது நடுவில் உள்ள ரப்பர் முறுகி முறுகித் திரும்பும். முறுக்கே இல்லாத நிலை எது என்பதை நீங்கள் நட்டை இறுக்கும் அந்தக் கணம் தீர்மானிக்கிறது.

உதாரணத்துக்கு, ஆக்ஸில் தொங்கும் நிலைக்கும் வண்டி நிற்கும் நிலைக்கும் வித்தியாசம் 100 மி.மீ., ஸ்பிரிங்கின் முன்பாதி 500 மி.மீ. என்று வையுங்கள். தொங்கும்போது இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே புஷ் 10 டிகிரிக்கு மேல் முறுகிக் கிடக்கும். பள்ளத்தில் இறங்கும்போது அதற்கு மேலும் முறுகும். ரப்பர் கிழிந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும்: வெட்டுப்பட்ட மாதிரி இல்லாமல், உள் குழாயைச் சுற்றி எல்லாம் ஒரே திசையில் சாய்ந்த கீறல்களாக இருக்கும். முறுகிய ரப்பர் வண்டியைத் திரும்ப மேலே தள்ளுகிறது. பின்பக்கம் தூக்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரியான முறை: எல்லா நட்டையும் நழுவாத அளவுக்கு மட்டும் ஏற்றிவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். பின்பம்பரை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டுங்கள். அதன்பின் முன் கண் போல்ட், பிறகு ஷேக்கிள் நட்டுகள். அடியில் போக இடமில்லையென்றால் நான்கு சக்கரத்தையும் ரேம்ப்பில் ஏற்றலாம். இல்லாவிட்டால் ஆக்ஸிலின் இரு முனைக்கும் அடியில் ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டை விட்டு மயிரிழை எழும்பும்வரை தூக்குங்கள். அப்போது எடை முழுக்க ஸ்பிரிங்கில்தான் இருக்கும். அந்த உயரத்தில் முறுக்கலாம், ஸ்டாண்டு மட்டும் அதே இடத்தில் இருக்கட்டும்.

புதுப்பிப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சீட், கண்ணாடி, பெட்ரோல் டேங்க், ஸ்டெப்னி எதுவும் ஏறாத வெறும் கூட்டின் எடைக்கு ஸ்பிரிங் இறங்கவே இறங்காது. அந்த நிலையில் தரையில் வைத்து முறுக்கினாலும் தொங்கவிட்டு முறுக்கியதற்குச் சமம்தான். ‘பின் புஷ் - கடைசி முறுக்கு பாக்கி’ என்று ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். வண்டி முழுமையான பிறகு அந்த அட்டையைக் கழற்றலாம்.

இப்போது கிழிந்த புஷ்ஷை மாற்றியே ஆக வேண்டும். புதிதை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். நீளப் போல்ட், தடித்த வாஷர்கள், கண்ணைவிடச் சற்றுப் பெரிய சாக்கெட் ஒன்று, இவற்றைக் கோத்து நட்டை முறுக்கினால் புஷ் நேராக உள்ளே இழுபடும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் குழாயின் விளிம்பு மடங்கும்.

கே: பாலியுரேத்தேன் புஷ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையாமே?

ப: இந்தக் குறிப்பிட்ட தொல்லை இல்லை. அது முறுகாமல் குழாயின் மேல் வழுக்கிச் சுழலும். அதற்குப் பதில் அதோடு வரும் சிலிகான் கிரீஸைப் போட வேண்டும். கிரீஸ் காய்ந்தால் கத்தும். சாலையின் அதிர்வும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும். பந்தயம், மலைப்பாதை என்று ஓட்டுபவர்களுக்குச் சரி. குடும்பத்தோடு மெதுவாக ஓட்டும் பழைய செடானுக்கு எங்கள் ஓட்டு ரப்பருக்குத்தான்.

கே: யூ போல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பப் போடலாமா? எவ்வளவு முறுக்கு?

ப: போடாதீர்கள். யூ போல்ட் இறுகும்போது மிக மெல்ல நீண்டு, அந்த இழுவையால்தான் ஆக்ஸிலையும் ஸ்பிரிங்கையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை முழுதாக இறுக்கிக் கழற்றியதன் மரை பழையபடி இருக்காது. நட்டும் வாஷரும்கூடப் புதிது வேண்டும். வாங்கும்போது தண்டின் விட்டம், இரு கால்களுக்கு இடையே உள்ள தூரம், கால் நீளம், வளைவு அரைவட்டமா சதுரமா என்ற நான்கையும் பாருங்கள். குழாய் ஆக்ஸிலில் சதுர யூ போல்ட் போட்டால் இரண்டு புள்ளியில் மட்டும்தான் பிடிக்கும்.

முறுக்கு அளவு மானுவலில் இருக்கும். பழைய புத்தகங்களில் அடி-பவுண்டு என்றிருந்தால் 1.356-ஆல் பெருக்குங்கள், கிலோகிராம்-மீட்டர் என்றிருந்தால் 9.81-ஆல் பெருக்குங்கள்; நியூட்டன் மீட்டர் வரும். போல்ட் அளவுக்கான பொது அட்டவணையைப் பார்த்து முறுக்குவது இங்கே ஆபத்து. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ரப்பர் பேட் இருக்கும் வண்டிகளில் அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம். மிஞ்சினால் பேட் பிதுங்கிவிடும்.

நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று தவணையில் ஏற்றுங்கள். கடைசியில் அடித்தகட்டுக்கு (நட்டுகள் இறுகும் தகடு) கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மரை நான்கிலும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் தகடு சாய்ந்திருக்கிறது. யூ போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே பிரேக் பைப் மாட்டிக்கொள்ளவில்லையே என்பதையும் இறுக்கும் முன்பே பாருங்கள்.

இருக்கையிலும் அடித்தகட்டிலும் கனமாகப் பவுடர் கோட்டிங் செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அழுத்தத்தில் அந்தப் பூச்சு நசுங்கி, முறுக்கு தானாகக் குறையும். இறுக்கும் முகங்களில் மட்டும் பூச்சைச் சுரண்டி மெல்லிய பிரைமர் அடியுங்கள். நட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ.யில் இன்னொருமுறை டார்க் ரெஞ்ச் போடுங்கள். யூ போல்ட் தளர்ந்தால் ஆக்ஸிலின் தள்ளும் விசை மொத்தமும் சென்டர் போல்ட்டின் மேல் விழும். இடம் காட்டுவதுதான் அதன் வேலை. விசை தாங்க அதனால் முடியாது. அது துண்டானால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும்.

கே: இரண்டு ஸ்பிரிங்கும் புதிது. இருந்தும் இடது பின்பக்கம் 20 மி.மீ. இறங்கியிருக்கிறது.

ப: பின்பக்கத்தில் தெரிகிறது என்பதால் குறை பின்பக்கத்தில்தான் என்று ஆகிவிடாது. முன் கிராஸ் மெம்பரின் (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) சரியான நடுவில் ஜாக்கி கொடுத்து முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும்வரை தூக்கிப் பாருங்கள், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு. இப்போது பாடி முன்னால் ஒரே புள்ளியில்தான் நிற்கிறது. பின்பக்கச் சாய்வு மறைந்துவிட்டால் குற்றவாளி முன் ஸ்பிரிங். சாய்வு அப்படியே இருந்தால் பின்பக்கம்தான்.

பின்பக்கம் என்று தெரிந்ததும் முதலில் கண் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்தி, உருட்டி, திரும்ப முறுக்குங்கள். ஒரு பக்கம் தொங்கவிட்டும் மறுபக்கம் தரையிலும் இறுக்கியிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் இரண்டு ஸ்பிரிங்கையும் இடம் வலமாக மாற்றிப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் ஸ்பிரிங் ஜோடி பொருந்தவில்லை. மாறாவிட்டால் பாடியில் பிராக்கெட் பற்றவைத்த உயரத்தைச் சந்தேகப்படுங்கள். அடிப்பாகம் வெட்டி ஒட்டிய வண்டிகளில் இது சகஜம். இதோடு முன் கண் போல்ட் மையத்திலிருந்து ஆக்ஸில் குழாய் வரை இரு பக்கமும் அளந்துவிடுங்கள், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட் துளையில் உட்காரவில்லையோ என்று பாருங்கள்.

கே: புது ஸ்பிரிங் போட்டதிலிருந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரையெல்லாம் அதிர்கிறது.

ப: புது ஸ்பிரிங் வண்டியை உயர்த்தியதில் டிஃபரன்ஷியல் மூக்கின் கோணம் மாறியிருக்கும். கியர் பாக்ஸின் வெளித் தண்டும் டிஃபரன்ஷியல் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்து, புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனை மூட்டுகளான யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டும் சம கோணத்தில் (பொதுவாக 1 முதல் 3 டிகிரிக்குள்) வேலை செய்தால் இரண்டின் அதிர்வும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். வண்டி தன் எடையில் நிற்கும்போது கோண மானி வைத்து அளந்து பாருங்கள்.

ஆனால் புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கும். அதற்குள் அவசரப்பட்டு, கோணத்தைத் திருத்த ஆப்பு வடிவத் தகடு வைக்காதீர்கள். கழற்றும்போது ஸ்பிரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு ஏதாவது இருந்து, அதைத் திருப்பி வைத்துவிட்டீர்களா, அல்லது விட்டேவிட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். இறங்கிய பிறகும் மூக்கை உயர்த்த வேண்டியிருந்தால், ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே உள்ள வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். ஸ்பிரிங் மேலே உள்ள வண்டியில் தடித்த பக்கம் பின்னால்.

கே: என் காரில் பின்னால் காயில் ஸ்பிரிங். உயரத்தைக் குறைக்க ஒரு சுற்று வெட்டினால் என்ன?

ப: உயரம் குறையும், விறைப்பு கூடும். வேலை செய்யும் சுற்று எட்டில் ஒன்றை எடுத்தால் மிச்சம் ஏழு; விறைப்பு 14 சதவீதம் ஏறும். தட்டையாக முடியும் முனையுள்ள ஸ்பிரிங்கை வெட்டினால் அது இருக்கையில் ஒரு கூர்முனையில்தான் நிற்கும். தவிர, ஆக்ஸில் முழுதாகத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்று விழவும் வாய்ப்புண்டு. குறைந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கை வாங்குங்கள், அப்போதும் கம்பியின் விட்டத்தைக் கேளுங்கள். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. மற்றவை மாறாமல் 12 மி.மீ. கம்பி 13 ஆனால் 38 சதவீதம் கூடுதல்.

மாட்டும்போது ரப்பர் இருக்கை மேலும் கீழும் புதிதாக இருக்கட்டும். கம்பியின் நுனி இருக்கையில் உள்ள பள்ளத்தின் முடிவில் போய் முட்ட வேண்டும். பல கார்களில் ஸ்பிரிங் வெளியே தாவாமல் பிடித்திருப்பது ஷாக் அப்சார்பர் மட்டுமே என்பதால், ஜாக்கி ஆக்ஸிலைத் தாங்காத நிலையில் ஷாக் போல்ட்டைத் தொடாதீர்கள்.

கே: ட்ரையம்ப் ஹெரால்டில் குறுக்கு ஸ்பிரிங் மாற்றி இறக்கினால் பின் சக்கரங்கள் இரண்டும் அடியில் உள்வாங்கி நிற்கின்றன.

ப: 1959-இல் வந்த அந்தக் காரில் டிஃபரன்ஷியலின் மேல் குறுக்காக ஒரே பட்டைக் கட்டு, சக்கரங்கள் ஊஞ்சல் மாதிரி ஆடும் அரை ஆக்ஸிலில் இருக்கின்றன. ஜாக்கியில் தொங்கிய சக்கரம் தரையைத் தொட்டதும் டயர் ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டு, வெளியே அகல விடாது. சில மீட்டர் உருட்டுங்கள், தானாக விரியும். அதற்கு முன் எடுத்த எந்த அளவும் செல்லாது.

கே: பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ‘கிரீச்’. எதற்கு எண்ணெய் விட?

ப: பட்டைகளுக்கு நடுவே மட்டும், அதுவும் கிராஃபைட் கிரீஸ். பாடியை ஸ்டாண்டில் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டால் நுனிகள் லேசாக விலகும். அந்த இடைவெளியில் மெல்லிய தகட்டால் திணியுங்கள். பிளாஸ்டிக் பட்டனோ நடுத்தகடோ உள்ள கட்டு என்றால் கிரீஸ் வேண்டாம், தேய்ந்ததை மாற்றுங்கள். சத்தம் ‘கிரீச்’ இல்லாமல் ‘டொக்’ என்று இருந்தால் எண்ணெய்க் கேனை வைத்துவிட்டு டார்க் ரெஞ்ச்சை எடுங்கள்: முதலில் யூ போல்ட், அடுத்து ஷாக் அப்சார்பரின் கீழ் புஷ், பிறகு ஷேக்கிள்.